தனியே பார்த்தால் தெரியாத குறிப்பான்கள்

பெங்களூரில் நோய் ஆய்வுக் குழுக்களுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுக்கும் வேலையில், என்னிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது ஒரு பட்டியல்தான்: லட்சக்கணக்கான மரபணுக் குறிப்பான்களில், அதாவது ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ இடங்களில், எவை முக்கியம், எந்த வரிசையில்? ஒவ்வொன்றையும் நோயுற்றோரிடமும் நலமாக இருப்போரிடமும் தனித்தனியே ஒப்பிட்டு, பி-மதிப்பின்படி (உண்மையில் தொடர்பே இல்லாதபோது இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) அடுக்கிக் கொடுப்பது வழக்கம். ஆனால் ஒரு கை தட்டினால் ஓசை எழாது. சில மாறுபாடுகள் இன்னொன்றோடு சேரும்போதுதான் வேலையைக் காட்டுகின்றன. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் முதுகெலும்பு வாதத்தில், ஈஆர்ஏபி1 மரபணுவின் மாறுபாடுகள் எச்எல்ஏ-பி27 என்னும் நோயெதிர்ப்பு மரபணு வகை உள்ளவர்களிடமே நோய் அபாயத்தை மாற்றுவதாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

எல்லா ஜோடிகளையும் சோதித்துவிடலாமே என்பார்கள். 5 லட்சம் குறிப்பான்களுக்கு ஏறத்தாழ 12,500 கோடி ஜோடிகள். கணினி தாங்கினாலும், அத்தனை சோதனைகளுக்கும் ஈடாக இறுக்கப்படும் எல்லையைத் தாண்டுமளவுக்கு நம்மிடம் ரத்த மாதிரிகள் இருப்பதில்லை.

அதனால் புள்ளியியலாளர் லியோ பிரெய்மன் 2001இல் முன்வைத்த ரேண்டம் ஃபாரஸ்ட் முறைக்குப் போகிறோம். குறிப்பான்களின் மதிப்பைப் பார்த்துக் கிளை கிளையாகப் பிரிந்து நோய்நிலையைக் கணிக்கும் பல முடிவு மரங்களின் தொகுப்பு அது. ஒரு குறிப்பானின் மதிப்புகளை மட்டும் ஆட்களுக்குள் கலைத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மரத்தையும் வளர்க்கும்போது ஒதுக்கி வைத்தவர்களின் நோய்நிலையை அந்த மரத்தைக் கொண்டே மறுபடி கணித்தால், கணிப்பு எவ்வளவு கெடுகிறதோ அதுவே அதன் முக்கியத்துவம். கலைக்கும்போது கூட்டாளியோடு இருந்த தொடர்பும் அறுந்துபோவதால், கூட்டு விளைவும் இந்த எண்ணில் சேர்ந்துகொள்கிறது. சிக்கலும் அங்கேதான்: அந்த எண்ணில் குறிப்பானின் சொந்தப் பங்கு எவ்வளவு, கூட்டால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. குறிப்பானையும் அதன் கூட்டாளியையும் சேர்த்துக் கலைத்து, வரும் இழப்பைத் தனித்தனி இழப்புகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால்தான் ஓரளவு புலப்படும். தனி விளைவு அறவே இல்லாத ஜோடியாக இருந்தால், லட்சக்கணக்கான குறிப்பான்களுக்கு நடுவே மரத்தின் கிளைப்பில் முதலில் இடம் பிடிப்பதே அதற்கு அரிது.

அருகருகே இருந்து சேர்ந்தே கடத்தப்படும் குறிப்பான்கள் இன்னொரு தொல்லை. ஒன்றைக் கலைத்தால் பக்கத்திலுள்ளது அதன் இடத்தை நிரப்பிவிடுகிறது. இரண்டும் பட்டியலில் கீழே இறங்குகின்றன.

"அப்படியானால் முதல் பத்தை எதற்கம்மா கேட்கிறேன்?" என்றார் குழுவிலிருந்த திருநெல்வேலி மருத்துவர். "சேர்ந்தே வரும் குறிப்பான்களைத் தொகுதி தொகுதியாகத் தருகிறேன் சார், பக்கத்திலேயே எதனோடு சேர்ந்து மதிப்பு கூடுகிறது என்றும் எழுதிவிடுகிறேன். வேறு மாதிரிகளில் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்" என்றேன். பத்துக்குப் பதில் ஆறு தொகுதிகள்தான் தேறின. அவருக்கு அதில் அரைமனதுதான்.