தபுதாரர்

பென்னாகரத்தில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வருபவர்களை ஒரு நோட்டில் பதிந்துவைப்பது என் வழக்கம். பெயர், ஊர், வந்த காரியம், ஆள் நினைவுக்கு வர ஒரு சொல். கணவரை இழந்த பெண் என்றால் யோசிக்காமல் 'கைம்பெண்' என்று எழுதிவிடுவேன்.

போன மாதம் ஒரு பெரியவர் ரேஷன் கார்டில் மனைவி பெயரை நீக்க வந்தார். இறப்புச் சான்றிதழை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்திருந்தார். நோட்டில் அவருக்கு என்ன எழுதுவது? பேனா நின்றுவிட்டது.

பெண்ணுக்குத்தான் எத்தனை சொல்! விதவை, அறுதலி, முண்டச்சி. சண்டை வந்தால் வசவாகவே எறிவார்கள். ஆணுக்கு 'பொண்டாட்டி செத்தவர்', அவ்வளவுதான். பக்கத்து சீட் அக்காவுக்கு வீட்டில் கன்னடம். "எங்க பாஷையில விதுர" என்றார். அந்த இடத்தை அப்படியே விட்டுவைத்தேன்.

ராத்திரி தேடினால் தமிழிலும் இருக்கிறது: தபுதாரன். தொல்காப்பியம், நிலையாமையைப் பேசும் காஞ்சித்திணையில், காதலியை இழந்தவன் நிலையைத் தபுதார நிலை என்கிறது. தபு என்றால் சாவது, கெடுவது. அதையே அழுத்திச் சொன்னால் சாகடிப்பது என்றும் ஆகுமாம். தாரம் நமக்குத் தெரிந்த தாரம்தான்.

காதலனை இழந்தவள் நிலைக்குப் பெயர் தாபத நிலை. தாபதர் என்றால் தவசி. என்னை உறுத்தியது இதுதான். அவன் பெயரில் இழப்பு மட்டும் இருக்கிறது. அவள் பெயரிலோ இனி அவள் எப்படி வாழவேண்டும் என்பதும் சேர்ந்திருக்கிறது. அவனுக்கு வலிக்காமல் இல்லை. இறந்த மனைவியைச் சிதையில் வைத்த பிறகும் நான் உயிரோடிருக்கிறேனே என்று ஒரு சேர அரசன் நொந்துகொள்வது புறநானூற்று 245ஆம் பாட்டு. ஆனால் ஊர் அவனை அந்த நிலையில் நிறுத்திவைக்கவில்லை, ரெண்டாந்தாரம் பார்த்தது. தாரம் நம் பேச்சில் தங்கி, தபுதாரன் தங்காமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் பெரியவர் மறுபடி வந்தார். மனைவிதான் குடும்பத் தலைவி, கார்டில் அவர் போட்டோ.

"புதுசுல என் போட்டோ வந்துருமா, பாப்பா?"

"ஆமாங்க ஐயா."

"பழச நானே வெச்சுக்கலாமா?"

வைத்துக்கொள்ளச் சொன்னேன். போட்டோவைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். அவர் படியிறங்கிய பிறகு நோட்டைப் புரட்டி, காலியாக விட்டிருந்த இடத்தில் 'தபுதாரர்' என்று எழுதினேன்.