தப்பாவ் எத்தனை பிட்?

"நாசி கண்டார் தப்பாவ் பண்ணிட்டு வா." மலேசியாவில் 'தப்பாவ்' என்றால் பார்சல் கட்டுவது; நாசி கண்டார் என்பது சோறும் கறியும். பினாங்குக்காரர் இதில் எங்கேயும் தடுக்கி நிற்க மாட்டார். தமிழ்நாட்டு எழுத்தை மட்டும் தின்று வளர்ந்த மொழி மாடலோ (அடுத்த சொல்லைக் கணிக்கும் நிரல்) 'தப்பாவ்'ல முட்டி நிற்கும். அந்த முட்டலை பிட்டில் அளக்கலாம்.

கணக்கு இதுதான்: அடுத்த சொல்லுக்கு மாடல் தரும் நிகழ்தகவு 1/8 என்றால் வியப்பு (surprisal, சொல் எவ்வளவு எதிர்பாராதது என்ற அளவு) 3 பிட்; 1/1024 என்றால் 10 பிட். பிட் ஏறினால் வாசிப்பு நேரமும் ஏறும். இந்தக் கருத்து மொழி ஆய்வாளர் ஜான் ஹேல் 2001ல் தொடங்கியது, ரோஜர் லெவி 2008ல் விரித்தது.

சறுக்குவது டோக்கனில், அதாவது மாடல் சொல்லை நறுக்கும் துண்டில். மாடல் 'பண்ணிட்டு' என்பதை மூன்று துண்டாக நறுக்கினால் மூன்றின் பிட்டையும் கூட்டணும். சராசரி எடுத்தால் நீளமான சொல்லெல்லாம் பொய்யாக இலேசாகிவிடும் (நிறைய பேர் விழுவது இங்கேதான்).

வாசிப்பு நேரத்தை அளக்கும் சோதனையில் வாசகரைப் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வைக்கும்போது தாமதம் பல நேரம் அடுத்த சொல்லில் போய் விழும். அதனால் ரிக்ரெஷனில் (வாசிப்பு நேரத்தை எதெது எவ்வளவு கூட்டுது என்று பிரிக்கும் கணக்கில்) முந்தின சொல்லின் பிட், நீளம், புழக்க எண்ணிக்கையும் போடுங்க. வாக்கியக் கடைசியில் வாசகர் எப்படியும் நிற்பார். நம்ம வினைச்சொல்லும் அங்கேயே உட்கார்ந்திருக்கு, ரெண்டும் கலந்துவிடும். "தப்பாவ் பண்ணிட்டு வான்னு அம்மா காலையிலேயே சொன்னாங்க" என்று வாலை நீட்டிவிட்டால் தப்பிக்கலாம்.

பெரிய மாடல்தான் வேணும்னு அலையாதீங்க. ஆங்கிலத்தில் பார்த்தவரை, ஓர் அளவுக்கு மேல் மாடல் பெருத்தால் மனிதர் வாசிப்போடு பொருத்தம் குறையுது.