மேடைக்கு யாரும் ரேம்ப் போடுறதில்ல

போன வருஷம் ஒரு பெரிய டெக் கான்ஃபரன்ஸ்ல பேசக் கூப்ட்டிருந்தாங்க. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல "மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, ஆம்னு போட்டேன், அவ்ளோதான், என்னப்பா வேணும்னு அதுக்கப்புறம் ஒருத்தரும் கேக்கல.

வாசல்ல வீல்சேர் ஏற சாய்வுப் பாதை, அதான் ரேம்ப், இருந்துச்சு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அது மேல சிவப்பு கார்ப்பெட்டை ஒட்டாம சும்மா விரிச்சு வச்சிருந்தாங்க. வீல்சேரோட முன்சக்கரம் சின்னது, கார்ப்பெட் சுருங்குன இடத்துல நச்சுனு மாட்டிக்கும், அது தெரியாம பின்னாடி இருக்கறவர் வேகமா தள்ளுனா நாம குப்புற விழ வேண்டியதுதான். எப்படியோ உள்ள போயாச்சு.

மேடை ரெண்டடி உயரம், ஏற நாலு படி. "கவலப்படாதீங்க சார், நாலு பேர் இருக்கோம், அப்படியே தூக்கிடலாம்"னு ஒரு தம்பி ரொம்ப ஆசையா வந்தாரு. என் சேர்ல கை வைக்கிற பாகம் கழட்டி மாட்டுறது, அதப் புடிச்சுத் தூக்குனா கையோட வந்துடும், இத அவர்கிட்ட சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு பக்கம் கழண்டே போச்சு. சரி வேணாம்னுட்டு கீழ இருந்தே பேசுனேன். கேமராவ மேடைக்குத்தான் செட் பண்ணி வச்சிருந்தாங்க போல, பெரிய ஸ்க்ரீன்ல இருபது நிமிஷமும் காலி போடியம் தெரியுது, என் குரல் மட்டும் எங்கிருந்தோ கேக்குது. அசரீரி மாதிரி!

ரேம்ப்புக்குக் கணக்கு இருக்குங்க. ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேணும், அப்ப ரெண்டடி மேடைக்கு 24 அடி. முந்துன நாள் ராத்திரி நினைச்சுக்கிட்டு எட்டடி ப்ளைவுட் பலகையச் சாய்ச்சு வச்சா அது ரேம்ப் இல்ல, சறுக்குமரம்.

நம்ம ஊர்லதான் இப்படின்னு நினைக்காதீங்க. 2021 நவம்பர்ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போன இஸ்ரேல் எரிசக்தி அமைச்சர் கரீன் எல்ஹராரால மொத நாள் வீல்சேரோட உள்ளயே போக முடியல, ரெண்டு மணி நேரம் போல வெளிய காத்திருந்துட்டுத் திரும்பிட்டாங்க. உலகத் தலைவர்கள்லாம் கூடுற இடம் அது! அப்புறம் பிரிட்டன் பிரதமரே மன்னிப்புக் கேட்டாரு. அமைச்சருக்கே அந்தக் கதின்னா நமக்கு யாரு கேக்கப் போறா.

நான் பேசப் போன அந்த டெக் கான்ஃபரன்ஸ்ல சைகை மொழிபெயர்ப்பாளரும் இருந்தாங்க, நல்ல விஷயம்தான், ஆனா நாள் முழுக்க ஒரே ஆளு. மாத்தி மாத்திப் பண்ண ரெண்டு பேராவது வேணும், இல்லன்னா கையும் மூளையும் சோந்துடும். ஸ்லைடு போடும்போது லைட்ட வேற அணைச்சிடுறாங்க, அப்ப இருட்டுல அவங்க கை யாருக்குத் தெரியும்?

இந்த வருஷமும் கூப்ட்டிருக்காங்க. ஃபார்ம்ல இப்ப "உங்களுக்கு என்ன தேவை?"ன்னு இருக்கு. "மேடைக்கு ரேம்ப், 24 அடி, கார்ப்பெட் வேண்டாம்"னு எழுதி அனுப்பியிருக்கேன். மூணு வாரமாச்சு, இன்னும் பதில் வரல.