என் ஒரிஜினல் பை டூப்ளிகேட் ஆன கதை

வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த சித்தி, அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் பையை எடுத்து என் மடியில் போட்டார். "இனி இதை நீ வைத்துக்கொள். என் கை எந்தப் பாரமும் தாங்காது." பார்த்தால் லூயி வியூட்டன் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் ஸ்பீடி வகைக் கைப்பை. குட்டித் தலையணை போன்ற வடிவம், பழுப்பு நிறம், உடம்பெல்லாம் எல்.வி. எழுத்துகளும் நான்கிதழ்ப் பூக்களும். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கடையிலேயே வாங்கினாராம். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எவ்வளவு பத்திரம் என்றால், அவராலேயே இன்றுவரை அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாளே அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். லிஃப்டில் கணக்குப் பிரிவு அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுப் பையில் வந்து நின்றார்.

"நல்ல காப்பி. எங்கே வாங்கினாய்?"

"காப்பி இல்லை அக்கா, ஒரிஜினல்."

அக்கா சிரித்தார். கொல்லையில் புலி வந்தது என்று சொல்லும் குழந்தையைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் வருவது பஸ்ஸில். என் செருப்பு இரண்டு முறை தைக்கப்பட்டது. குடையில் ஒரு கம்பி மட்டும் தனியாக வானத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு பொருள் ஒரிஜினல் என்றால் எவர்தான் நம்புவார்? எங்கள் மேலாளர் மேடமும் இதே வகைப் பை வைத்திருக்கிறார். அவர் காரில் வருகிறார். அவருடைய பையைப் பற்றி ஒருவரும் ஒரு நாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மதிய இடைவேளையில் விசாரணை தொடங்கியது. பையை மேசை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். முதல் குற்றச்சாட்டை அக்காவே வைத்தார். பையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டி, "எல்லாரும் இங்கே பாருங்கள்" என்றார். பார்த்தோம். எல்.வி. எழுத்துகள் அத்தனையும் தலைகீழாக நின்றன.

"தலைகீழாகத் தைத்திருக்கிறார்கள்! எழுத்தே தெரியாதவன் செய்த வேலை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் விசாரித்துப் பார்த்தால், ஸ்பீடி பைக்கு அதுதான் இலக்கணம். ஒரே நீளத் துணியை அடியில் வெட்டாமல் மடித்துத் தைக்கிறார்கள். முன்பக்கம் நேராக இருந்தால் பின்பக்கம் தலைகீழாகத்தானே வரும்? கைப்பேசியில் தேடிப்பிடித்து இதை நான் வாசித்துக் காட்டியபோது அக்கா அசையவில்லை. "இவ்வளவு விலைக்கு விற்கிறவனுக்கு நடுவில் ஒரு தையல் போட முடியாதா?" நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

அடுத்து, வரவேற்பில் இருக்கும் பெண் பையைக் கிள்ளிப் பார்த்தாள். "இது தோலே இல்லை அக்கா. ரெக்சின்." இதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. மோனோகிராம், அதாவது இந்த எழுத்தும் பூவும் கலந்த வடிவம் போட்ட பையின் உடம்பு தோலால் ஆனதே இல்லை. அது பி.வி.சி. பூச்சுப் பூசிய பருத்திக் கான்வாஸ். கைப்பிடியும் விளிம்புகளும் மட்டும்தான் தோல். சொல்லி முடித்ததும்தான் உறைத்தது, எதிர்க்கட்சிக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்று. "அப்படியானால் ஒரிஜினலே பிளாஸ்டிக் பூச்சுதானா?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியில் என்னைவிட அந்தப் பிரெஞ்சு நிறுவனத்துக்குத்தான் அவமானம் அதிகம்.

கைப்பிடியின் தோல் தேன் நிறத்துக்குக் கறுத்திருந்தது. சாயம் ஏற்றாத தோல் வெயிலும் கைபடுதலும் பட்டு அப்படித்தான் மாறும், விவரம் தெரிந்தவர்கள் அந்த நிறத்துக்காகவே பழைய பையைத் தேடி வாங்குவார்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர் அழுக்கு.

எல்லாவற்றையும்விட என்னைக் கவிழ்த்தது உள்ளே இருந்த எண்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி, பைக்குள் தலையை விட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு சிறு தோல் பட்டையைக் கண்டுபிடித்தான். "சி.ஏ. 1918" என்று உரக்கப் படித்தான்.

அறையே அமைதியானது.

"1918-இல் செய்ததா?" என்றார் அக்கா. "முதல் உலகப் போர் முடிந்த வருடமா?"

"இல்லை அக்கா, இந்த வகைப் பையே 1930-இல்தான் வந்தது" என்றேன். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு என் வாய் செய்த துரோகம் இது. மேசையைச் சுற்றி எழுந்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

உண்மை என்னவென்றால், அந்தக் காலகட்டத்துப் பைகளில் தேதியைப் பின்னிப் போடுவார்கள். முதல் இலக்கமும் மூன்றாவது இலக்கமும் சேர்ந்தால் மாதம், இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தால் வருடம். ஆக, 1998 நவம்பர். சி.ஏ. என்பது தைத்த பட்டறையின் குறி, ஸ்பெயினைச் சேர்ந்தது. கரும்பலகை இல்லாத குறையாக இதை விளக்கினேன். "ஒழுங்கான கம்பெனி இப்படியா தேதி போடும்?" என்று அக்கா கேட்டார். அவருக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு நாள் முன்னே பின்னே போட்டாலே பிடிக்காது. "சரி, பிரெஞ்சுக் கம்பெனி என்கிறாய். ஸ்பெயினில் ஏன் தைத்தான்?" என்று இன்னொரு குரல். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, அமெரிக்கா என்று பல நாடுகளில் அவர்களுக்குப் பட்டறைகள் உண்டு என்றேன். "டூப்ளிகேட் கம்பெனிக்கும் பல ஊர்களில் பட்டறைகள் உண்டு" என்றது அந்தக் குரல். தம்பி கடைசி முயற்சியாகத் தன் கைப்பேசியைப் பையின்மேல் ஒற்றி எடுத்தான். உள்ளே சிப் இருக்குமாம். அந்தச் சிப் 2021-இல் தொடங்கிப் புதுப் பைகளுக்கு வந்த ஏற்பாடு. என் பை மௌனம் சாதித்தது. மௌனம் சம்மதம் என்று தீர்ப்பாயிற்று.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இந்த எழுத்தும் பூவும் பிறந்ததே போலிகளைத் தடுப்பதற்காகத்தான். முதலில் அந்த நிறுவனத்தார் தங்கள் பயணப் பெட்டிகளுக்குக் கோடு போட்டார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் கோடு போட்டார்கள். 1888-இல் சதுரங்கக் கட்டம் போட்டு, அதற்குள்ளேயே பதிவு செய்யப்பட்ட முத்திரை என்று எழுதியும் பார்த்தார்கள். ஊரும் கட்டம் போட்டது. கடைசியில் 1896-இல் நிறுவனர் லூயியின் மகன் ஜார்ஜ், இதை எவனும் வரைய முடியாது என்ற நம்பிக்கையில் மோனோகிராமைக் கொண்டுவந்தார். பாவம், நல்ல மனிதர். இன்று உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்படும் கைப்பை வடிவங்களைக் கேட்டால், அவருடைய பூவுக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

பையில் தொடங்கிய பேச்சு தர்மசாஸ்திரத்துக்குப் போய்விட்டது. வரவேற்புப் பெண் போலி ஆகவே ஆகாது என்ற கட்சி. ஒருவன் மூளையைப் பிழிந்து வரைந்ததை இன்னொருவன் அச்சடித்து விற்பது திருட்டு, அதை வாங்குவது திருட்டுக்குக் குடை பிடிப்பது என்றாள். இத்தாலியில் போலியை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அபராதம் உண்டு என்று அவள் சொன்னதும், மூன்று பேர் தத்தம் பைகளைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளியதை நான் பார்த்தேன். 2019-இல் உலக வணிகத்தில் போலிப் பொருட்களின் பங்கு 2.5 சதவீதம் வரை, மதிப்பு 46,400 கோடி டாலர் என்ற ஒரு சர்வதேச மதிப்பீட்டையும் எடுத்துவிட்டாள். அக்காவுக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. "கணக்கில் வராத வியாபாரத்தை எப்படிக் கணக்கு எடுத்தார்கள்?"

தம்பி மறுகட்சி. அமெரிக்காவின் ஹார்லெமில் 1982-இல் டாப்பர் டான் என்ற தையல் கலைஞர் கடை திறந்து, பெரிய நிறுவனங்களின் முத்திரைகளைத் தானே அச்சிட்டு, அவர்கள் கனவிலும் நினைத்திராத சட்டைகளைத் தைத்தார். வழக்குகள் வந்து 1992-இல் கடையை மூடினார். 2017-இல் இத்தாலியின் குச்சி (Gucci) நிறுவனம் அவர் எப்போதோ தைத்த ஒரு மேலங்கியைப் போலவே ஒன்றை மேடையேற்றி மாட்டிக்கொண்டது. அதே ஆண்டு அவரோடு கைகோத்து, அடுத்த ஆண்டு ஹார்லெமிலேயே அவருக்குப் பட்டறை அமைத்தது. "இப்போது சொல்லுங்கள், எது காப்பி, யார் காப்பி?" என்றான். வாதத்தில் பிடி இருந்தது. ஆனால் அவர் சொந்தமாகச் சிந்தித்துத் தைத்தவர். நம் சட்டையில் முத்திரை குத்தித் தள்ளுகிறவர்களுக்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. (குச்சி என்று தமிழில் எழுதியதும் அந்தப் பெயருக்கு இருக்கும் பகட்டெல்லாம் போய் விறகுக்கட்டு வாசனை வந்துவிடுகிறது. அதற்கு நான் பொறுப்பல்ல.)

இரண்டு வாரம் ஆயிற்று. லிஃப்டில் விளக்கம், மாடிப்படியில் விளக்கம். பையைச் சுமப்பதைவிட அதன் ஜாதகத்தைச் சுமப்பது பெரும் பாரமாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை களைத்துப்போய், "ஆமாம் அக்கா, டூப்ளிகேட்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து என் மதிப்பு ஏறியது. "அப்படிச் சொல்லு! ஒளிவுமறைவு இல்லாத பெண்" என்று அக்கா முதுகில் தட்டினார். "ஃபர்ஸ்ட் காப்பி என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றாள் ஒருத்தி. இந்த ஃபர்ஸ்ட் காப்பி என்ற சொல்லே ஒரு அதிசயம். எத்தனையோ பேர் அதை விற்கிறார்கள், இரண்டாவது காப்பியை விற்கிறவரை மட்டும் இதுவரை எவரும் சந்தித்ததில்லை.

ஆனால் இனிமேல்தான் சிக்கல். எல்லாருக்கும் கடை முகவரி வேண்டும். தெரிந்தவர் மூலம் வந்தது என்றேன். அவர் எண்ணைக் கொடு என்றார்கள். எண்ணை மாற்றிவிட்டார் என்றேன். புது எண் எங்கே என்றார்கள். ஊரைவிட்டே போய்விட்டார் என்றேன். ஏன் என்றார்கள். சோதனை வந்தது என்றேன். இல்லாத ஒரு வியாபாரியை இரண்டே நாளில் தலைமறைவாக்கிய பெருமை என்னைச் சேரும்.

2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. விலை உயர்ந்த கறுப்புக் கண்ணாடிகளைச் சிலரிடம் ஒரிஜினல் என்றும், சிலரிடம் போலி என்றும் சொல்லிக் கொடுத்து, கணக்குப் போட வைத்து, மதிப்பெண்ணை அவர்களையே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போலி என்று நம்பி மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் ஏமாற்றினார்கள். உண்மையில் கண்ணாடிகள் எல்லாமே ஒரிஜினல். என் கதை அப்படியே இருக்கிறதே என்று மேலே படித்தேன். அந்த ஆய்வாளர்களுள் இருவர் பங்கேற்ற வேறொரு கட்டுரை, அதுவும் நேர்மையைப் பற்றியது, தரவு இட்டுக்கட்டியது என்று 2021-இல் திரும்பப் பெறப்பட்டதாம். அதோடு கைப்பேசியை மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரமே மேலாளர் மேடம் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"உன் பை டூப்ளிகேட் என்று கேள்விப்பட்டேன்."

"ஆமாம் மேடம்."

தன் பையை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னுடையதும் அதுதான். ஆனால் உன்னுடையது இன்னும் இயல்பாக இருக்கிறது. எனக்கும் ஒன்று சொல்லி வை" என்றார். வியாபாரி தலைமறைவான செய்தியைச் சொன்னேன். உண்மையாகவே வருத்தப்பட்டார். நான் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது, எங்கள் மாடியில் உள்ள ஒரே ஒரிஜினல் என் கையில் இருந்தது. அதைச் சொல்ல மட்டும் ஓர் ஆள் இல்லை.

பிறந்த நாள் வந்தது. மேசைமேல் பெரிய பொட்டலம். எல்லாரும் பணம் சேர்த்து வாங்கியது என்றார்கள். பிரித்தால் ஒரு ஸ்பீடி. புத்தம் புதியது. பசை வாசனை மூக்கைத் துளைத்தது.

"உன்னுடையதில் ஏமாந்துவிட்டாய் என்று எங்களுக்கெல்லாம் வருத்தம்" என்றார் அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு. "அதனால்தான் அலைந்து நல்ல காப்பியாகப் பார்த்து எடுத்தோம். பார், எழுத்து இரண்டு பக்கமும் நேராக இருக்கிறது. அடியில் அழகாக ஒரு தையல். கைப்பிடி கறுக்கவே கறுக்காது என்று கடைக்காரர் உறுதி சொல்லியிருக்கிறார்." தம்பி உள்ளே கையை விட்டுப் பட்டையைக் காட்டினான். எண் இல்லை. தெளிவாக, வரிசையாக, நாள் மாதம் வருடம் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் முகத்தில் வந்த திருப்தியை என்னால் விவரிக்க இயலாது. போலிக்கு எதிர்க்கட்சியான வரவேற்புப் பெண்கூடப் பங்குப் பணம் கொடுத்திருந்தாள். "கொள்கை வேறு, அன்பு வேறு அக்கா" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பசை வாசனையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சித்தியின் பை இப்போது துணியுறைக்குள் அலமாரியில் தூங்குகிறது. புதுப் பையோடுதான் போய் வருகிறேன். பஸ் நெரிசலில் நசுங்கினாலும் மழையில் நனைந்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஜிப் மட்டும் பாதி வழியில் நின்று யோசிக்கும். போன வாரம் லிஃப்டில், மேல்மாடி அலுவலகத்துப் பெண்மணி ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தப்பாக நினைக்காதீர்கள். இது ஒரிஜினல்தானே?"

பக்கத்தில் நின்ற அக்கா, அவருக்குத் தெரியாமல் என் முழங்கையைக் கிள்ளினார்.

"ஆமாம்" என்றேன்.

உடனே நம்பிவிட்டார்.