வலசை திரும்பும் மாதம்: பள்ளிக்கரணைக் குறிப்புகள்

மார்ச் 29

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து ஊசிவால் வாத்துகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டன. தட்டைவாயன், நீலச்சிறகி வாத்துகள் இன்னும் இருக்கின்றன. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையோரம் தண்ணீர் வற்றிச் சேறு மேலே வந்திருக்கிறது. சிறு கரைப்பறவைகளான உள்ளான்கள் நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்ப்பது இந்தச் சேற்றுப் புழுக்களைத் தின்றுதான். ஏப்ரல் முழுக்கப் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால், லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்து ஸ்கோப்பில் (பறவை பார்க்கும் தொலைநோக்கியில்) பறவை ஆடும். மண்தரையில் ட்ரைபாடை ஊன்றுங்கள். நடுத்தண்டை உயர்த்தாமல், அதில் பையைத் தொங்கவிட்டால் நன்றாக நிற்கும்.

ஏப்ரல் 11

வளைமூக்கு உள்ளான்களின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறுகிறது. சைபீரியத் துந்திராவில் இணைசேர்வதற்கான இறகு இது. கருவால் மூக்கனுக்கும் கழுத்தும் மார்பும் சிவக்கும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பினால் தூரத்தில் குழப்பம்தான். மூக்கனின் அலகு நீளம், ஏறக்குறைய நேர். உடல் நீளமும் வளைமூக்கு உள்ளானைப் போல இரு மடங்கு. பறக்கும்போது வால் நுனியில் கறுப்புப் பட்டை தெரியும். வளைமூக்கு உள்ளானுக்கு அலகின் நுனி கீழே வளையும். பறக்கையில் பிட்டம் வெள்ளை. பொன்னிற உப்புக்கொத்திகளில் முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு பரவுகிறது. ஆண்டில் மிக அழகான பதினைந்து நாட்கள் இவை, தவறவிடாதீர்கள்.

எண்ணிக்கையை ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். பிறகு கானல் கிளம்பும். ஸ்கோப்பின் உருப்பெருக்கம் 60 மடங்குக்குப் போனால் கானலும் சேர்ந்து பெரிதாகும். 20, 25-இல் வைத்து, முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதிந்ததும், அதே அளவில் கூட்டத்தை இடமிருந்து வலமாக அளந்துகொண்டே போகலாம். திரும்ப வலமிருந்து ஒரு முறை. இரண்டும் ரொம்ப வேறுபட்டால் மூன்றாவது முறை.

ஏப்ரல் 19, மாலை

கிளம்புவதைப் பார்க்க அந்திக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் சரி. தென்கிழக்குக் கடற்காற்று முதுகில் தள்ளும். கூட்டம் ஓயாமல் குரல் கொடுக்கும், எழும், வட்டமடிக்கும், வரிசை கட்டி உயர்ந்துகொண்டே போகும். சேற்றுப்பூனைப்பருந்து விரட்டி எழுந்த கூட்டமும் முதலில் இப்படித்தான் தெரியும். ஆனால் சில நிமிடங்களில் இறங்கிவிடும். கண்ணுக்கு மறையும்வரை பின்தொடராமல் ‘கிளம்பியது’ என்று எழுதக் கூடாது. நேரம், திசை, எண்ணிக்கை, காற்று நான்கையும் அங்கேயே குறியுங்கள்.

ஏப்ரல் 28

கிண்டிப் பக்கத்துப் புதர்களில் ப்ளைத் நாணல் கதிர்க்குருவியின் ‘டெக், டெக்’ குறைந்துவருகிறது. ஆறுமணிக்குருவியை விடியலிலும் அந்தியிலும் காதால் தேடுங்கள்.

வலசைக் காலத்தின் முதல் பறவை வந்ததும் எல்லோரும் எழுதுவார்கள். கடைசிப் பறவையோ அது போன பிறகுதான் கடைசி என்று தெரியும். அதனால்தான் ஏப்ரல், மே மாதங்களில் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே கால அளவு என்று வைத்துக்கொண்டு, கண்டதும் கேட்டதும் எல்லாம் சேர்த்து இபேர்ட் என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் முழுப்பட்டியல் இட வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் அது முழுப்பட்டியல் ஆகாது. பட்டியலில் கதிர்க்குருவி இல்லாததற்கும் பொருள் இருக்காது. எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ (இருந்தது, எண்ணவில்லை) போட்டாலும் கூட்டம் எந்த வாரத்தில் கரைந்தது என்பது தெரியாமல் போகும்.

மே 10

சேற்றில் இன்னும் சில வளைமூக்கு உள்ளான்கள், எல்லாம் சாம்பல் நிறம். இவற்றைத் தாமதமாகப் போகிறவை என்றோ நோயுற்றவை என்றோ எழுதிவிட வேண்டாம். முதலாண்டுப் பறவைகள் பல, கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடும். குறிப்பில் எண்ணிக்கையோடு எத்தனை சாம்பல், எத்தனை சிவப்பு என்றும் எழுதுங்கள். கடைசிச் சிவப்புப் பறவையின் தேதியைத் தனியாகக் குறித்தால், தங்கியவற்றையும் கிளம்பியவற்றையும் பிரித்துப் பார்க்கலாம்.