190 கோல்கள்

பன்னாட்டுக் கால்பந்தில் ஆடவர், மகளிர் இரு பிரிவிலும் மிக அதிகக் கோல்களை அடித்தவர் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர். இந்தப் பெயர் இன்னும் பரவலாக அறியப்படாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 2000-ஆம் ஆண்டு, 16 வயதில் தேசிய அணிக்குள் நுழைந்த அவர், 2020 ஜனவரி 29 அன்று செயின்ட் கிட்ஸ் நெவிஸ் அணிக்கு எதிராகத் தமது 185-ஆவது கோலை அடித்து, அமெரிக்காவின் ஆபி வாம்பாக் வைத்திருந்த 184 கோல் சாதனையைக் கடந்தார். 2023 டிசம்பரில் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விடைபெற்றபோது, 331 போட்டிகளில் 190 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன.

சிறிய அணிகளுக்கு எதிராகக் குவித்த எண்ணிக்கை இது என்று சொல்பவர்கள், 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியை நினைத்துப் பார்க்க வேண்டும். வலிமை மிக்க அமெரிக்க அணிக்கு எதிராக அன்று அவர் ஒருவரே மூன்று கோல்கள் அடித்து, மூன்று முறை கனடாவை முன்னிலைக்குக் கொண்டுசென்றார். ஆனாலும் கூடுதல் நேரத்தின் கடைசிக் கணங்களில் விழுந்த கோலால் கனடா 4-3 என்று தோற்றது.

அந்தத் தோல்விக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே அமெரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில் பெனால்டி கிடைத்தபோது, கோல் சாதனைக்குச் சொந்தக்காரரான அவர் பந்தை எடுத்து இளையவரான ஜெஸ்ஸி ஃபிளெமிங்கிடம் கொடுத்தார். ஃபிளெமிங் கோல் அடித்தார். கனடா 1-0 என வென்று, பின்னர் தங்கமும் பெற்றது.