உபுண்டுவிலும் விண்டோஸிலும் ஒரே புளூடூத் கீபோர்டு

விண்டோஸில் இணைத்தால் உபுண்டுவில் வேலை செய்யாது. உபுண்டுவில் இணைத்தால் விண்டோஸில் போய்விடும். ஒரே லேப்டாப்பில் இந்த இரண்டு இயங்குதளங்களையும் வைத்துக்கொண்டு புளூடூத் கீபோர்டில் தட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும்.

எனக்கு வெளிக் கீபோர்டு இல்லாமல் முடியாது. லேப்டாப்பில் இருக்கும் கீபோர்டில் எஃப் விசை செத்துவிட்டது. தமிழ்99 முறையில் புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. ஒரே மெய் இரட்டிக்கும் இடத்தில் மென்பொருளே புள்ளி வைத்துக்கொள்ளும். சொல்லின் கடைசியில் நாம்தான் தட்ட வேண்டும். ‘அவன்’ என்று அடித்தால் ‘அவன’ என்று நிற்கும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை என்று தமிழ் தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. தட்டச்சு உபுண்டுவில், பக்க வடிவமைப்பு விண்டோஸில். மாறும்போதெல்லாம் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி ஓடும்?

பேட்டரி மாற்றியும் பயனில்லை. ஆனால் கைப்பேசியோடு இணைத்தால் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. செந்தூலில் கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் சொன்னேன். “அண்ணே, புதுசு வாங்கினாலும் இதேதான் நடக்கும். கீபோர்டு மேல தப்பே இல்ல” என்றார்.

விஷயம் இதுதான். இணைக்கும்போது கணினியும் கீபோர்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. லேப்டாப்பில் புளூடூத் சிப் ஒன்றுதான் என்பதால், இரண்டு இயங்குதளமும் ஒரே முகவரியோடுதான் கீபோர்டிடம் போகின்றன. ஒரு முகவரிக்கு ஒரு சாவியைத்தான் கீபோர்டு நினைவில் வைக்கும். அடுத்ததில் இணைத்ததும் முந்தைய சாவி அழிந்துவிடுகிறது. ஆக, இரண்டு பக்கமும் ஒரே சாவி இருந்தால் சிக்கல் தீர்ந்தது.

வரிசை முக்கியம். முதலில் உபுண்டுவில் இணைக்க வேண்டும். அப்போதுதான் அங்கே கீபோர்டுக்கான கோப்பு உருவாகும். அப்புறம் விண்டோஸில் இணைக்க வேண்டும். பிறகு ஷட்டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்கு வாருங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸ், ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் கிடக்கும். ரீஸ்டார்ட்டில் அந்த வம்பு இல்லை.

விண்டோஸ் தன் சாவியை ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. உபுண்டுவிலிருந்தே விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியைத் திறந்து, சிஹெச்என்டிபிடபிள்யூ என்ற சிறு நிரலால் சிஸ்டம் என்ற ரெஜிஸ்ட்ரிக் கோப்பைப் படித்தேன். பிடிஹெச்போர்ட் என்ற பகுதிக்குள் போனால் ‘கீஸ்’ இருக்கிறது. அதில் கீபோர்டின் முகவரிக்கு நேரே 16 பைட் சாவி, இரண்டிரண்டு எழுத்தாக இடைவெளி விட்டுத் தெரியும். அந்த இடைவெளிகளை எடுத்துவிட்டால் 32 எழுத்து. இனி உபுண்டுவின் பக்கம். வார், லிப், புளூடூத் என்று வரிசையாகக் கோப்புறைகளைத் திறந்து, கீபோர்டின் முகவரி உள்ள கோப்புறையில் ‘இன்ஃபோ’ என்ற கோப்பைப் பிடியுங்கள். அதில் லிங்க்கீ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் பழைய சாவியை எடுத்துவிட்டு இந்த 32 எழுத்தைப் போட்டுச் சேமித்துவிட்டு, புளூடூத் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும். இதற்கெல்லாம் ரூட் அனுமதி, அதாவது நிர்வாகி அனுமதி வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். ஒன்று பிசகினாலும் இணையாது.

சேவை மீண்டும் தொடங்கியதும் ஒரு விசையைத் தட்டினேன், இணைந்துவிட்டது. விண்டோஸுக்குப் போனேன், அங்கேயும் இணைந்தது. அவ்வளவு நிம்மதி!

மின்சாரம் குறைவாக எடுக்கும் புளூடூத் எல்இ வகைக் கீபோர்டு என்றால் வேலை கொஞ்சம் கூடும். ஒரு சாவிக்குப் பதில் பல மதிப்புகளை மாற்ற வேண்டும், இணைக்கும்போது கீபோர்டின் முகவரியே மாறவும் கூடும். இரண்டு மூன்று கருவிகளுக்கு மாறும் பொத்தான்கள் உங்கள் கீபோர்டில் இருந்தால் இந்த வழிக்கே போகாதீர்கள். ஒன்றை உபுண்டுவுக்கும் இன்னொன்றை விண்டோஸுக்கும் ஒதுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

கணினி தொடங்கும்போது எதற்குள் போவது என்று கேட்கும் கிரப் பட்டியலில் புளூடூத் கீபோர்டு வேலை செய்யாது. அதற்கு லேப்டாப்பின் அம்புக்குறி விசைகள்தான். விண்டோஸில் கீபோர்டை நீக்கி மறுபடி சேர்த்தால் சாவி மாறிவிடும். அப்போது புதிய சாவியை எடுத்து அதே கோப்பில் மறுபடி எழுத வேண்டும்.